உவர்நீர் ஊரில் கைமருந்து: கஷாயம், கரைசல், பூச்சு, பொடி

கஷாயம் கசக்கலாம், உறைக்கலாம், துவர்க்கலாம். கரிக்கக் கூடாது. இராமநாதபுரம் கரையில், வடக்கே தொண்டி, தேவிபட்டினம் தொட்டு மண்டபம், பாம்பன் சுற்றி, கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரைக்கும் கைமருந்து முதலில் கெடுவது தண்ணீரில்தான். மேட்டு ஊர்களில் எழுதிவைத்த முறையை அப்படியே எடுத்து, வீட்டுக் கிணற்று நீரில் காய்ச்சினால் இலையின் குணத்தோடு உப்பும் சேர்ந்து இறங்கும்.

கணக்கைப் பாருங்கள். குடிநீரில் கரைந்திருக்கும் உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவு. 2000 உள்ள நீர் 200 மில்லியை 50 மில்லியாகச் சுண்டவைத்தால் ஆவியாவது தண்ணீர் மட்டும். கொஞ்சம் உப்பு பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும், மீதி எல்லாம் அந்த 50 மில்லிக்குள்ளேயே நான்கு மடங்கு கெட்டியாக நிற்கும். இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இதை ஒரு நாளைக்கு மூன்று வேளை கொடுப்பது சரியல்ல. தொண்டைப் புண்ணுக்குக் குடித்தால் எரிச்சல் கூடும், தாகம் அடங்காது.

அதனால் மருந்து காய்ச்ச, குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரைத் தனிக் குடத்தில் பிடித்து வையுங்கள். மழைநீர் சேகரித்திருந்தால் இன்னும் நல்லது. முதல் இரண்டு மழையின் கூரைத் தண்ணீரை வெளியே விட்டபின் பிடித்ததாக இருக்க வேண்டும். ஊருணித் தண்ணீரையும் தீவுப் பக்கம் மணலில் தோண்டும் ஊற்றுத் தண்ணீரையும் நான்காக மடித்த வேட்டித் துணியில் வடிகட்டிக் கொதிக்கவிட்டுப் பயன்படுத்தலாம். நீர் எப்படிப்பட்டது என்று அறிய மூன்று அடையாளங்கள் போதும்: துவரம்பருப்பு வேக மறுக்கும், சோப்பு நுரைக்காது, எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டி ஊற்றி வெயிலில் காயவைத்தால் வெள்ளைத் தடம் நிற்கும். மூன்றில் இரண்டு தென்பட்டால் அந்த நீர் மருந்துக்கு ஆகாது.

காய்ச்சும் முறை

நாலில் ஒன்றாகச் சுண்டவைப்பது என்பார்கள். கண்மதிப்பில் செய்தால் ஒரு நாள் தண்ணியாகவும் ஒரு நாள் பாகாகவும் போகும். தென்னை ஈர்க்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சப்போகும் பாத்திரத்தில் முதலில் 50 மில்லி மட்டும் ஊற்றி, ஈர்க்கை நட்டுக்குத்தாக நிறுத்தி, நீர் தொடும் இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போடுங்கள். பிறகு இன்னும் 150 மில்லி ஊற்றி, மருந்துச் சரக்கைப் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். சரக்கு மிதந்தால் ஓரமாக ஒதுக்கிவிட்டு ஈர்க்கை இறக்கிப் பாருங்கள். நீர் கீறலுக்கு வந்ததும் இறக்கிவிட வேண்டும். அகலச் சட்டியில் 50 மில்லி என்பது வெறும் ஈரம்போலத்தான் பரவும், ஈர்க்கு பிடிக்காது. குறுகிய அடியுள்ள பாத்திரமே எடுங்கள். மண்சட்டி அல்லது எவர்சில்வர். புளி, நெல்லி, எலுமிச்சை சேர்வதை அலுமினியத்தில் வைக்க வேண்டாம்.

வேர், பட்டை, சுக்கு, மிளகு ஆகியவற்றை இடித்துப் போட்டுத் திறந்த பாத்திரத்தில் கொதிக்கவைக்கலாம். துளசி, கற்பூரவல்லி, ஓமம் போன்ற வாசனைச் சரக்கைக் கொதியில் போட்டால் குணம் மணமாக வீடு முழுக்கப் பரவும், டம்ளரில் இருக்காது. இவற்றைக் கடைசியில் போட்டு அடுப்பை அணைத்து, தட்டால் மூடிப் பத்து நிமிடம் விடுங்கள். மூடியில் கோத்து நிற்கும் நீரையும் உள்ளேயே தட்டிவிட வேண்டும். காய்ச்சிய கஷாயத்தை மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். காலையில் காய்ச்சியதை மாலையில் சூடாக்கிக் கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. இந்தப் புழுக்கத்தில் அது புளிக்கத் தொடங்கியிருக்கும்.

இருமல், சளி

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொடங்கித் தை வரை இதுதான் பெரிய தொல்லை. பெரியவர்களுக்கு ஆடாதொடை. முற்றிய இலை இரண்டு, மிளகு ஐந்து, அதிமதுரம் சுண்டுவிரல் நுனியளவு, 200 மில்லி நீர், 50 ஆகச் சுண்டவேண்டும். இலையின் நடு நரம்பைக் கிழித்தெடுத்துவிட்டு நறுக்கிப் போடுங்கள். காலை, மாலை சாப்பாட்டுக்குப் பின், ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். அதிமதுரம் இரத்த அழுத்தத்தைக் கூட்டும் என்பதால் அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதை விட்டுவிட வேண்டும். ஆடாதொடை கருப்பையைச் சுருங்கவைக்கும். கர்ப்பிணிகளுக்கு ஒரு இலைகூடக் கூடாது.

தூதுவளையை மருந்தாக நினைக்காமல் சாப்பாடாகச் செய்தால்தான் தொடர்ந்து உள்ளே போகும். கொடியில், இலையில், இலைக்காம்பில் எல்லாம் வளைந்த முள் இருக்கும். கத்தரிக்கோலால் காம்பை வெட்டி, இலையைத் திருப்பி நடு நரம்பில் உள்ள முட்களைக் கத்தி முனையால் சுரண்டி எடுங்கள். இருபத்தைந்து இலை இரண்டு பேருக்குப் போதும். நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி காயவைத்து, உளுந்து ஒரு மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, பூண்டு நான்கு பல் வறுத்து எடுத்தபின், அதே எண்ணெயில் இலையைச் சுருளும் வரை வதக்குங்கள். பச்சை நிறம் மங்கி, இலை சரசரக்கும் நேரத்தில் நிறுத்த வேண்டும். அரைகுறையாக வதக்கினால் மிச்ச முள் தொண்டையில் குத்தி, இருந்த இருமலோடு புது இருமலும் சேரும். நெல்லிக்காயளவில் பாதிப் புளி, உப்பு சேர்த்து அரையுங்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர் முண்டு மிளகாய் துவையலுக்கு அருமையான மணம் தரும். ஆனாலும் இருமல் காலத்தில் அதை விட்டுவிட்டு மிளகின் காரத்தோடு நிறுத்துவதே நல்லது.

ஒரு வயது தாண்டிய குழந்தைக்குக் கற்பூரவல்லி. ஓர் இலையைக் கழுவித் துடைத்து, சூடான தோசைக்கல்லில் இருபுறமும் வாட்டினால் கண்ணாடிபோல ஆகி நீர் கசியும். அந்த நேரம் பிழிய வேண்டும். கால் தேக்கரண்டி முதல் அரை தேக்கரண்டிச் சாறு, அதே அளவு வெந்நீர் அல்லது தேன், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. ஒரு வயதுக்குள் தேன் தொட்டுக்கூட வைக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரின் நஞ்சு பச்சிளம் குழந்தையின் தசைகளைத் தளரவைத்து மூச்சை நிறுத்திவிடும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலைத் தவிர எந்தச் சாறும் வேண்டாம். மூக்கில் எண்ணெய் விடுவதும் மூக்கடியில் கற்பூரம் தடவுவதும் ஆபத்தான பழக்கங்கள். மூச்சு வேகத்தை எண்ணிப் பாருங்கள்: இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40, இந்த அளவைத் தொட்டாலோ விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ வீட்டில் வைத்திருக்கும் நேரம் முடிந்தது.

ஆவி பிடிக்க நொச்சி. இரண்டு கைப்பிடி இலைக்கு ஒரு லிட்டர் நீர், கொதித்ததும் இறக்கி, பானையைத் தரையில் சுவரோரமாக வைத்துவிட்டு ஆள் போய் உட்காரட்டும். கொதிக்கும் பானையைக் கட்டிலுக்குத் தூக்கிவருவதில்தான் வெந்துபோகிறவர்கள் அதிகம். ஐந்து நிமிடம் போதும். சிறு குழந்தையைப் போர்வைக்குள் உட்காரவைக்காதீர்கள்.

இந்த இடத்தில் இம்பூறலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மணற்பாங்கான நம் கரையில் தரையோடு படரும் சின்னஞ்சிறு செடி. அதன் வேர்தான் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேர். இம்பூறலைக் காணாது இரத்தம் கக்கிச் செத்தானே என்று சொலவடையே உண்டு. அந்தச் சொல் பிறந்த காலத்தில் காசநோய்க்கு வேறு மருந்து இல்லை. இன்று இருக்கிறது. சளியில் இரத்தம் கண்டால், அல்லது இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், செடியைத் தேடிப் போகாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். பரிசோதனையும் மாத்திரையும் இலவசம்.

வயிற்றுப்போக்கு

மற்ற எல்லா இடத்திலும் உவர்நீர் ஒரு தொல்லை என்றால், இங்கே அது ஆபத்து. வீட்டில் செய்யும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் அளவு: ஒரு லிட்டர் நீர், தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டி அரை தேக்கரண்டி உப்பு. அந்த அரைக் கரண்டி உப்பு ஏறக்குறைய இரண்டரை கிராம். 2000 மில்லிகிராம் கரைந்த கிணற்று நீரில் இதைக் கரைத்தால் மேலும் இரண்டு கிராம் உப்புகள் சேர்ந்துவிடும். உப்பு மிஞ்சிய கரைசல் குழந்தையின் உடம்பில் மிச்சமிருக்கும் நீரையும் வெளியே இழுக்கும். வலிப்பு வரை போகலாம். கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்கும் இதே விதிதான். நல்ல நீர், ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் முழு ஒரு லிட்டர். ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று பொட்டலத்தைப் பிரித்துப் பிரித்துக் கலக்கக் கூடாது.

உப்பளத்திலிருந்து வரும் கல்லுப்பைக் கரண்டியில் தலைதட்டிப் பாருங்கள், நிற்காது. ஒரு பக்கம் குவியும், ஒரு பக்கம் இடைவெளி விடும். பொடித்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். கரைத்தபின் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகம் கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

ஒவ்வொரு முறை போனபின்னும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 100 முதல் 200 மில்லி, கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி தொடங்குங்கள். சுகாதார நிலையத்தில் துத்தநாக மாத்திரை தருவார்கள். ஆறு மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம், இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் 10, போக்கு நின்றாலும் 14 நாள் முடிய. குழைந்த கஞ்சியை நிறுத்த வேண்டாம், தாய்ப்பாலையும் நிறுத்த வேண்டாம்.

பெரியவர்களுக்குக் கொய்யாக் கொழுந்து ஆறு, 200 மில்லி நீர், இதை மட்டும் பாதியாகச் சுண்டவைத்து இரண்டு வேளை குடிக்கலாம். துவர்ப்பு குடலை இறுக்கும். மலத்தில் இரத்தமோ காய்ச்சலோ இருந்தால் இறுக்கக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். கண் குழிந்து, தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாக மடியும் நிலைக்குக் குழந்தை வந்துவிட்டால், கரைசலைப் புகட்டிக்கொண்டே வண்டி ஏறுங்கள்.

கடலில் படும் காயம்

திருக்கை முள், கெளிறு (கெளுத்தி மீன்) முள் குத்தினால் உடனே மஞ்சளையும் சுண்ணாம்பையும் அப்புவது வழக்கம். அது வலியை ஒன்றும் செய்யாது, அழுக்கையும் முள் துண்டையும் உள்ளே வைத்து மூடிவிடும். இந்த முட்களின் நஞ்சு புரதம், சூட்டில் செயலிழக்கும். ஆகவே முதல் மருந்து வெந்நீர். காயத்தை நீரால் அலசி, மேலோட்டமாகத் தெரியும் துணுக்கை எடுத்துவிட்டு, 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் அந்தக் கையையோ காலையோ முக்கி வையுங்கள். சூட்டைப் பார்க்க வேண்டியது குத்துப்படாத ஆளின் கை. குத்துப்பட்டவருக்கு வலியில் சூடு உறைக்காது, வெந்து கொப்பளிப்பது அப்புறம்தான் தெரியும். அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம், ஆறும்போது புதுசாக ஊற்றிக்கொண்டே. படகில் சோறு வடிக்கும் அடுப்பிலேயே இதைச் செய்துகொள்ளலாம். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ பாய்ந்த முள்ளைப் பிடுங்கவே கூடாது. அது அடைத்துக்கொண்டிருக்கும் இரத்தம் பீறிடும். கரைக்கு வந்ததும் இரண ஜன்னி (டெட்டனஸ்) ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், உள்ளே துணுக்கு ஒடிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லவும் வேண்டும்.

சொறி பட்டால், அதாவது இழுதுமீன் எனும் ஜெல்லிமீனின் இழைகள் பட்டால், மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். தோலில் ஒட்டிய இழையில் வெடிக்காத கொட்டுப்பைகள் மிச்சமிருக்கும். தேய்த்தாலும் நல்ல தண்ணீர் பட்டாலும் அவை வெடிக்கும். கடல்நீரால் அலசி, துணியோ குச்சியோ கொண்டு இழையை எடுத்துவிட்டு, மேலே சொன்ன சூட்டில் வெந்நீர் இருபது நிமிடமாவது விடுங்கள். அதற்குப் பிறகுதான் அடம்பு. கரை மணலில் ஆட்டுக் குளம்புபோல நடுவில் பிளந்த இலையும் ஊதாப் பூவுமாக ஓடும் கொடி, நெய்தல் பாட்டுகளில் அடும்பு என்று வருவதும் இதுதான். அதன் பக்கத்தில் உருண்டு கிடக்கும் இராவணன் மீசைப் புல் வேறு, அதில் மருந்து தேட வேண்டாம். பத்து இலையை உப்பும் மணலும் போக நல்ல நீரில் அலசி, இடித்துப் பிழிந்து, தடிப்பின்மேல் ஒரு நாளைக்கு மூன்று முறை பூசலாம். தாய்லாந்துக் கரைகளிலும் இதே கொடியை இதற்கே பூசுகிறார்கள். மிச்ச எரிச்சலையும் அரிப்பையும் தணிக்கும், தோல் கிழிந்த இடத்தில் மட்டும் வேண்டாம். முகம் வீங்கினால், மூச்சு முட்டினால், கண்ணில் பட்டிருந்தால், எந்த இலையும் வேண்டாம், நேரே மருத்துவமனை.

அடம்பை இலையாகக் கிள்ளுங்கள். கொடியை வேரோடு இழுத்தால் மணல்மேடு நகரும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21உம் 1986 முதல் தேசியப் பூங்காவின் பகுதி. அங்கிருந்து எதையும் எடுத்து வரக் கூடாது.

தோல்

வெயில் காலத்து வேர்க்குருவுக்கு நுங்கைப்போல வேறில்லை. நுங்கின் உள்நீரையும் வழுக்கையையும் நசுக்கிப் பூசி, கால் மணி நேரத்தில் நல்ல நீரில் கழுவிவிடுங்கள். காயவிட்டுத் தூங்கினால் இனிப்புக்கு எறும்பும் வரும், அரிப்பும் வரும். வெட்டி இரண்டு மணி நேரமான நுங்கு வேண்டாம்.

கடற்பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குக் கைவிரலும் கால்விரல் இடுக்கும் மணிக்கணக்கில் கடல்நீரில் ஊறி வெளுத்து, தோல் கிழிந்திருக்கும். கரையேறியதும் நல்ல நீரில் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றி, காய்ந்தபின் தேங்காயெண்ணெய். ஈரத்தின்மேல் எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் புண் பெருகும். சேற்றுப்புண்ணாக மாறியிருந்தால் இரவில் மருதாணி இலையை மைபோல அரைத்து இடுக்கில் வைத்து, காலையில் கழுவலாம். மருதாணி வீட்டில் பறித்ததாக இருக்கட்டும், கூம்பில் வரும் கறுப்பு மருதாணியில் தலைச்சாயம் கலந்திருக்கும். ஒரு வாரத்தில் ஆறவில்லை என்றால் பூஞ்சைக் களிம்பு தேவை. மருந்துக்கடையில் தாமாக வாங்கும் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. இரண்டு நாள் அடங்கியதுபோல இருந்து படை உடம்பெல்லாம் பரவும். மருத்துவர் எழுதியதையே வாங்குங்கள்.

அரிப்புக்குக் குப்பைமேனி ஒரு கைப்பிடி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை அரைத்துப் பூசி அரை மணியில் குளிக்கலாம். குடிக்கக் கொடுக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு பிறவியிலேயே உள்ளவர்களுக்குக் குப்பைமேனி உள்ளே போனால் இரத்தச் சிவப்பணு உடைந்து, சிறுநீர் கறுத்துப் போகும். தனக்கு அந்தக் குறை உண்டென்று பலருக்கும் தெரியாது. இரவில் மட்டும் அரித்து, வீட்டில் எல்லோருக்கும் தொற்றினால் அது சிரங்கு, எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசினால்தான் தீரும்.

காய்ச்சல், காமாலை, சர்க்கரை

நிலவேம்புக் குடிநீர்ப் பொடி ஒரு தேக்கரண்டி, 200 மில்லி நீர், 50 ஆகச் சுண்டவைத்து இரண்டு வேளை குடிக்கலாம். கர்ப்பிணிகளுக்குக் கூடாது. காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டெங்குவாக இருக்கக்கூடிய காலத்தில் பாராசிட்டமாலைத் தவிர வேறு வலி மாத்திரை போடக் கூடாது.

கண் மஞ்சளித்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். காமாலை பல காரணங்களால் வரும், கல்லடைப்பும் அதில் ஒன்று. இரத்தப் பரிசோதனை முதலில்.

சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி சுவையிலும் மணத்திலும் உயர்ந்தது. ஆனாலும் அது சர்க்கரைதான். நீரிழிவு உள்ளவர்கள் கருப்பட்டிக் காப்பி தாராளமாகக் குடிக்கலாம் என்பது தவறு. ஆவாரம்பூத் தேநீர் குடிப்பவர்கள் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

பறிப்பதும் காயவைப்பதும்

கடற்கரைச் சாலையோரம், இறால் பண்ணைக் கழிவு ஓடும் இடம், குப்பை எரிக்கும் இடம், இங்கெல்லாம் பறிக்காதீர்கள். கள்ளி வேலியில் ஏறிய கொடியைப் பறிக்கும்போது கள்ளிப்பால் தெறித்தால் கண் போய்விடும், எருக்கம்பாலும் அப்படியே. பட்டுவிட்டால் உடனே கால் மணி நேரம் நல்ல நீர் ஊற்றிக் கழுவி, கண் மருத்துவரிடம் போங்கள், தாய்ப்பால் விடவேண்டாம். பூவோ காயோ இல்லாத செடியை அடையாளம் சொல்லவே கூடாது. தூதுவளைக்கு ஊதாப் பூவும் சிவந்த உருண்டைப் பழமும், முடக்கத்தானுக்குக் காற்றடைத்த மூவிதழ்க் காயும், கீழாநெல்லிக்கு இலைக்கொத்தின் அடியில் வரிசையாகக் காயும் இருக்கும். பார்த்தபின் பறியுங்கள்.

பொடிக்குக் காயவைக்கும்போது கடற்கரையில் ஒரு வேலை கூடுதல். காற்றில் வரும் உப்பு இலைமேல் படிந்திருக்கும். கழுவாமல் காயவைத்தால் பகலில் முறுகும், இரவில் உப்பு ஈரத்தை இழுத்து மறுபடி துவளும், நான்காம் நாள் பூசணம் பிடிக்கும். இரண்டு முறை நல்ல நீரில் அலசி, நீர் வடியத் தொங்கவிட்டு, கடல் பார்க்காத பக்கத்து அறையில் நிழலில், துணிமேல் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். மாலை நான்கு மணிக்கே எடுத்து மூடிவிட வேண்டும். இலையை விரலால் நசுக்கினால் நொறுங்க வேண்டும், மடிந்தால் இன்னும் ஒரு நாள். ஐப்பசி முதல் மார்கழி வரை காயவைப்பதைத் தள்ளிப்போட்டு, மாசி, பங்குனியில் செய்வது நல்லது. பொடித்ததைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, பெயரும் பொடித்த தேதியும் எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதம் கழிந்ததும் மிச்சத்தைச் செடிக்குப் போட்டுவிடலாம்.